சுடுதண்ணீர்க் கோளாறு: பம்பை மாற்றும் முன் தண்ணீரைப் பாருங்கள்

ஒரு வீட்டில் ஷவரில் சுடுதண்ணீர் நூல் போல வருகிறது என்று பம்பை மாற்றினார்கள். முந்தையதைவிடப் பெரிய பம்ப். இரண்டு மாதம் நன்றாக வந்தது, அப்புறம் மறுபடி நூல். இன்னும் பெரிய பம்ப் போடலாமா என்று கேட்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். பம்பைத் தொடாமல், ஹீட்டரிலிருந்து சுடுதண்ணீர் வெளிவரும் நிப்பிளை, அதாவது இணைப்புத் துண்டுக் குழாயை, மட்டும் கழற்றினோம். முக்கால் அங்குலக் குழாய் அது. உள்ளே சுற்றிலும் வெள்ளை ஓடு படிந்து, நடுவில் ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. ஸ்க்ரூடிரைவரால் தட்டியதும் முட்டை ஓடு மாதிரிச் சில்லுச்சில்லாக உதிர்ந்தது.

தண்ணீரின் தரம் ஒரு கோளாறு, ஓட்டம் வேறொரு கோளாறு என்று பிரித்துப் பார்ப்பதால்தான் இப்படி ஆகிறது. படிவு சேர்ந்தால் ஓட்டம் குறையும். ஓட்டம் குறைந்தால் தண்ணீர் சூடான பரப்பில் அதிக நேரம் நிற்கும். நின்றால் இன்னும் வேகமாகப் படியும். ஒன்று மற்றொன்றைக் கெடுத்துக்கொண்டே போகும். அதனால் கீழே எந்த அறிகுறியை எடுத்தாலும் முதலில் ஓட்டத்தை அளப்போம், அடுத்து தண்ணீரைப் பார்ப்போம், உதிரிப்பாகம் மாற்றுவதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

## கையை வைக்கும் முன்

ஹீட்டரின் மின்சாரத்தைச் சுவிட்சில் மட்டும் அல்ல, பிரேக்கரிலேயே அணைத்துவிடுங்கள். எரிவாயு ஹீட்டர் என்றால் எரிவாயு வால்வையும் மூடுங்கள். தொட்டியைத் திறக்கும் வேலை இருந்தால் தண்ணீர் ஆறும்வரை காத்திருங்கள். 60 டிகிரித் தண்ணீர் ஐந்தாறு விநாடியிலேயே பெரியவர்களின் தோலை வேகவைத்துவிடும். குழந்தைகளுக்கு அந்த நேரம்கூடத் தேவையில்லை.

அளப்பதற்கு ஒரு வாளி, கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச், ஒரு தெர்மாமீட்டர், தண்ணீரின் கடினத்தன்மை (கரைந்த கால்சியம், மெக்னீசிய உப்பின் அளவு) பார்க்கும் பட்டை, இவ்வளவும் போதும். 10 லிட்டர் வாளி 1 நிமிடத்தில் நிறைந்தால் ஓட்டம் நிமிடத்துக்கு 10 லிட்டர். இதைச் சுடுதண்ணீரில் ஒருமுறை, பச்சைத்தண்ணீரில் ஒருமுறை, அதே குழாயில் செய்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கடினத்தன்மை 60 பிபிஎம்முக்குள் (லிட்டருக்கு 60 மில்லிகிராமுக்குள்) இருந்தால் மென்மையான நீர். 120-ஐத் தாண்டினால் கடினம். 180-க்கு மேல் என்றால் ஹீட்டரைக் காலாகாலத்தில் சுத்தம் செய்யாமல் ஓட்டவே முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

## பச்சைத்தண்ணீர் நன்றாக வருகிறது, சுடுதண்ணீர் மட்டும் நூலாக வருகிறது

பம்புக்கும் இதற்கும் பெரும்பாலும் சம்பந்தம் இல்லை. அதே அழுத்தத்தில்தான் பச்சைத்தண்ணீரும் வருகிறது. அடைப்பு, ஹீட்டருக்குள் போகும் வழியிலிருந்து சுடுதண்ணீர்க் குழாயின் வாய்வரை எங்கோ இருக்கிறது. எங்கே என்று கண்டுபிடிக்க, கடைசியிலிருந்து பின்னோக்கி வாருங்கள்.

ஒரே ஒரு குழாயில் மட்டும் நூல் என்றால் அந்தக் குழாயின் வாயில் இருக்கும் சல்லடையைக் கழற்றுங்கள். ஷவர் முகப்பையும் அப்படியே. அதில் வெள்ளைத் துகள் இருந்தால் ஹீட்டரிலிருந்து உதிர்ந்த படிவு. கறுப்பாகப் பிசுபிசுவென்று இருந்தால் வாஷரோ ரப்பர் ஹோஸோ கரைகிறது.

எல்லாச் சுடுதண்ணீர்க் குழாயிலும் நூல் என்றால் ஹீட்டருக்கு வாருங்கள். உள்ளே போகும் பக்கத்தில் மூடும் வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா? பழைய கேட் வால்வுகளில் கைப்பிடி சுற்றும், உள்ளே தகடு மட்டும் தண்டிலிருந்து கழன்று பாதியில் தொங்கும். கைப்பிடியை நம்பாதீர்கள். அடுத்து ஸ்ட்ரெய்னர். கட்டைவிரல் அளவே இருக்கும் இந்தச் சல்லடைதான் நான் பார்த்த ஓட்டக் குறைவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். புதிதாகக் குழாய் வேலை நடந்த வீட்டில் முதல் வாரத்திலேயே குழாய்த் திருகில் சுற்றும் டெஃப்லான் நாடாவின் துண்டும் மணலும் அதில் வந்து சேரும். அப்புறம் என்ஆர்வி, அதாவது தண்ணீர் பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் வால்வு. இது பாதி மூடிய நிலையில் சிக்கிக்கொள்வதும் உண்டு. கடைசியாகத்தான் வெளிவரும் நிப்பிள். சூடு அதிகம் படும் இடம் அதுவே என்பதால் படிவும் அங்கேதான் கெட்டியாகும்.

எடுத்த வெள்ளைத் துண்டில் இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் அது கால்சியம் கார்பனேட், அமிலத்தில் கரையும். நுரைக்கவே இல்லை என்றால் சிலிக்காவாகவோ துருவாகவோ இருக்கலாம். அமிலம் ஊற்றி நேரத்தை வீணாக்காமல் அந்தத் துண்டுக் குழாயையே மாற்றிவிடுங்கள்.

இரண்டு தண்ணீருமே நூலாக வந்தால் ஹீட்டரைக் குறை சொல்லாதீர்கள். மேல்தொட்டியின் வாய், பொதுக்குழாய், அழுத்தம் கூட்டும் பம்ப், இந்த வரிசையில் பாருங்கள். 10 மீட்டர் உயரத்துக்குத்தான் 1 பார் அழுத்தம் கிடைக்கும். தொட்டி ஷவரைவிட 3 மீட்டர் மட்டுமே உயரத்தில் இருந்தால் கையில் இருப்பது 0.3 பார்தான்.

## ஓட்டம் இருக்கிறது, சூடு போதவில்லை

இங்கே ஒரு கணக்கு தெரிந்திருந்தால் பாதி வாக்குவாதம் குறையும். ஹீட்டரின் கிலோவாட்டை 14.3-ஆல் பெருக்கி, எத்தனை டிகிரி உயர வேண்டுமோ அதால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தாங்கும் என்பது வரும். 6 கிலோவாட் உடனடி ஹீட்டரில் (தொட்டி இல்லாமல், ஓடும் தண்ணீரையே சூடாக்குவது) தண்ணீர் 25 டிகிரி உயர வேண்டுமானால் நிமிடத்துக்கு 3.4 லிட்டர்தான் கிடைக்கும். வாளிக் கணக்கில் 7 லிட்டர் ஓடுகிறது என்றால் ஹீட்டரில் கோளாறே இல்லை, குழாயைக் கொஞ்சம் திருகினால் சூடு வந்துவிடும். மாறாக ஓட்டம் மிகக் குறைந்தாலும் உடனடி ஹீட்டர் எரியாது. உள்ளே இருக்கும் ஓட்டச் சுவிட்ச் ஒரு குறைந்தபட்ச அளவைக் கேட்கும், பல மாதிரிகளில் நிமிடத்துக்கு 2 முதல் 3 லிட்டர். அழுத்தம் குறைந்த வீட்டில் எரிவதும் அணைவதுமாக விளையாடுவது இதனால்தான்.

தொட்டி ஹீட்டருக்கு நேரக் கணக்கு. 100 லிட்டர் தண்ணீரை 2 கிலோவாட் எலிமென்ட் (தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் சூடாக்கும் கம்பி) 35 டிகிரி உயர்த்த சுமார் 2 மணி நேரம் எடுக்கும். அதற்குள் வந்துவிட்டால் எலிமென்ட் நலமாகத்தான் இருக்கிறது.

எலிமென்டில் உப்பு பிடித்தால் தண்ணீர் மெதுவாகச் சூடாகும் என்று பலரும் சொல்கிறார்கள். மின் எலிமென்டுக்கு இது பெரிதாகப் பொருந்தாது. தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் கம்பியில் பாயும் மின்சாரம் முழுதும் எப்படியாவது அந்தத் தண்ணீருக்குள்தான் போய்ச் சேரும். ஆனால் வெப்பம் படிவு ஓட்டைத் தாண்டி வெளியே வரச் சிரமப்படுவதால் கம்பியின் உறை அளவுக்கு மீறிச் சூடாகி வெடிக்கும், எர்த் லீக்கேஜ் பிரேக்கர் (மின்கசிவு வந்தால் தானாக அணையும் சுவிட்ச்) விழும். அப்படி விழுந்தால் மீண்டும் மீண்டும் தூக்கிவிட்டுப் பார்க்காதீர்கள். அது உங்கள் உயிரைக் காப்பாற்றத்தான் விழுகிறது. எரிவாயு ஹீட்டரிலும் ஹீட் பம்பிலும் (வெளியிலிருந்து வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் கருவி) கதை வேறு. அங்கே ஓடு தடுத்த வெப்பம் புகைபோக்கி வழியாகவோ குறைந்த செயல்திறனாகவோ வெளியே போய்விடும். நேரமும் கூடும், செலவும் கூடும்.

மின் தொட்டி உண்மையிலேயே மெதுவாகிவிட்டால் வேறு இடங்களைப் பாருங்கள்: இரண்டு எலிமென்டில் ஒன்று போயிருக்கும், அல்லது சூட்டைப் பார்த்து மின்சாரத்தை அணைக்கும் தெர்மோஸ்டாட் நுழையும் குழலைச் சுற்றி ஓடு கட்டி அது தப்பான நேரத்தில் அணைக்கும், அல்லது பச்சைத்தண்ணீரை அடிக்குக் கொண்டுபோகும் உள்குழாய் உடைந்து மேலேயே கலந்துவிடும். இன்னொரு திருடனும் உண்டு. ஏதோ ஒரு கலவைக் குழாயின் உள்வால்வு தேய்ந்து, பச்சைத்தண்ணீர் சுடுதண்ணீர் வரிசைக்குள் கசியும். கண்டுபிடிப்பது சுலபம். ஹீட்டருக்குள் போகும் வால்வை மூடிவிட்டு ஒரு சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்துவையுங்கள். ஓரிரு நிமிடத்தில் நின்றுவிட வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் அது ஹீட்டர் வழியாக வந்த தண்ணீர் அல்ல.

சூரிய ஹீட்டரில் வெயில் நன்றாக இருந்தும் தொட்டி ஆறிக் கிடந்தால், வெயில் வாங்கும் தகட்டின் மேல்முனைக் குழாயைக் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். அங்கே கொதிக்கிறது, தொட்டியில் குளிர்கிறது என்றால் சுழற்சி நின்றுவிட்டது. பம்ப் இல்லாத வகையில் சூடான தண்ணீர் தானாக ஏறினால்தான் உண்டு. அதற்குத் தொட்டியின் அடி, தகட்டின் மேல்முனையைவிட உயரத்தில் இருக்க வேண்டும், குழாய் முழுவதும் ஏற்றமாகவே போக வேண்டும். நடுவில் ஒரு கூன் விழுந்தால் அங்கே காற்று உட்கார்ந்துகொள்ளும். வெயிலில் காய்ந்து வெறுமையாகக் கிடக்கும் கண்ணாடிக் குழல்களில் பச்சைத்தண்ணீர் விட்டுவிடாதீர்கள், விரிசல் விடும். காலையிலோ மாலையிலோ நிரப்புங்கள்.

## ஹீட்டர் உறுமுகிறது, பொரிகிறது

தொட்டியின் அடியில் படிவு மூட்டை சேர்ந்துவிட்டது. அதற்கடியில் சிக்கிய தண்ணீர் கொதித்து, ஆவிக்குமிழி படிவு ஓட்டைப் பிளந்துகொண்டு வெளியேறும் சத்தம்தான் அது.

பச்சைத்தண்ணீரில் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்திருப்பது, சூடானதும் கார்பன் டை ஆக்ஸைடை விட்டுவிட்டுக் கரையாத கார்பனேட்டாக மாறுகிறது. சர்க்கரை சூட்டில் அதிகம் கரையும், இது நேர்மாறு. 60 டிகிரியைத் தாண்டினால் படியும் வேகம் நன்றாகவே கூடும். அதனால் தெர்மோஸ்டாட்டை 75-இல் வைத்துவிட்டு, குளிக்கும்போது பச்சைத்தண்ணீர் கலந்துகொள்ளும் பழக்கம் தொட்டிக்கு நல்லதல்ல. ஆனால் 45-க்கு இறக்கிவிடவும் கூடாது. நிமோனியாவை உண்டாக்கும் லெஜியனெல்லா பாக்டீரியா 20 முதல் 45 டிகிரிக்குள் செழித்து வளரும். தொட்டியில் 60, குளியலறையில் சூட்டைக் குறைக்க ஒரு கலவை வால்வு. எனக்குத் தெரிந்தவரை இதுவே இரண்டுக்கும் நடுவில் நிற்கும் அளவு.

சுத்தம் செய்ய: மின்சாரத்தை அணைத்து, ஆறவிட்டு, பச்சைத்தண்ணீர் வால்வை மூடி, ஒரு சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து காற்று விட்டு, வடிகால் வழியாகக் காலி செய்யுங்கள். எலிமென்ட் தட்டைக் கழற்றி உள்ளே இருக்கும் கட்டிகளைக் கையால் அள்ளுங்கள். கையால் வருவதற்கெல்லாம் அமிலம் தேவையில்லை. எலிமென்டில் ஒட்டியதற்கு லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, வெதுவெதுப்பாக ஊறவையுங்கள். கொதிக்கவைத்து ஊற்றினால் கால்சியம் சிட்ரேட் என்று புதிய வெள்ளைப் படிவு விழும், அவசரப்பட்டால் வேலை இரண்டாகும். உடனடி ஹீட்டருக்கும் தட்டு வெப்பமாற்றிக்கும் இரண்டு ஹோஸ், ஒரு சிறிய பம்ப், ஒரு வாளி வைத்து அதே கரைசலை முக்கால் மணி நேரம் எதிர்த்திசையில் சுழலவிடுங்கள். நுரை அடங்கினால் அமிலமோ படிவோ தீர்ந்துவிட்டது. புதுக் கரைசலில் நுரை வரவில்லை என்றால் படிவு தீர்ந்தது. அப்புறம் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் அலசுங்கள்.

கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டவே வேண்டாம். துருப்பிடிக்காத எஃகில் ஊசி ஊசியாகத் துளை போடும், அலுமினியத்தைத் தின்றுவிடும். எந்த அமிலத்தோடும் ப்ளீச்சைச் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும்.

திரும்பப் பூட்டும்போது புது கேஸ்கெட் போடுங்கள். சுடுதண்ணீர்க் குழாயில் காற்று தும்முவது நின்று தண்ணீர் ஒரே சீராக வரும்வரை மின்சாரம் கொடுக்காதீர்கள். காலித் தொட்டியில் எலிமென்ட் நிமிடக் கணக்கில் எரிந்துபோகும்.

தண்ணீர் மென்மையாக்கி பொருத்தினால் கால்சியத்துக்குப் பதில் சோடியம் வரும், ஓடு கட்டாது. கரைந்த உப்பின் மொத்த அளவு அதனால் குறைவதில்லை என்பதையும், ஆனோடு தண்டு (தொட்டிக்குப் பதில் தானே அரிபட்டுத் தொட்டியைக் காக்கும் உலோகத் தண்டு) வேகமாகக் கரையலாம் என்பதையும் மனதில் வையுங்கள். ஆண்டுக்கொருமுறை தண்டைக் கழற்றிப் பாருங்கள். உள்கம்பி தெரிய ஆரம்பித்தால் மாற்றிவிடுங்கள்.

## பம்ப் சத்தம் போடுகிறது, தண்ணீர் நகரவில்லை

ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பம்ப் உடலில் வைத்து, பிடியைக் காதருகே வைத்துக் கேளுங்கள். சீரான முனகல் என்றால் சுழல்கிறது. வெறும் மின் ரீங்காரம், உடலோ கைவைக்க முடியாத சூடு என்றால் ரோட்டர், அதாவது உள்ளே சுழலும் பாகம், சிக்கியிருக்கிறது. கூழாங்கல் உருட்டும் சத்தம் என்றால் காற்றோ, உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தக் குறைவோ.

சிக்கியது: மாதக்கணக்கில் ஓடாமல் இருந்த சுழற்சிப் பம்புகளில் இது சகஜம். மின்சாரத்தை அணைத்து, இருபுற வால்வுகளையும் மூடி, முகப்பின் நடுத்திருகைக் கழற்றினால் தண்டின் நுனி தெரியும். கொஞ்சம் தண்ணீர் வரும், பயப்பட வேண்டாம். மெதுவாகத் திருப்பிவிட்டால் பெரும்பாலும் விடுபடும். புதிய மின்னணு பம்புகள் சிலவற்றில் இந்தத் திருகே இருக்காது.

காற்று: பம்ப் தண்டு படுக்கைவாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். செங்குத்தாக மாட்டியிருந்தால் ரோட்டர் அறையில் காற்று தங்கி, தண்ணீரால் குளிர வேண்டிய பேரிங் காய்ந்து தேயும். குழாயின் மிக உயர்ந்த இடத்தில் காற்று வெளியேறும் வால்வு இருக்க வேண்டும்.

பம்ப் நன்றாகச் சுழன்றும் ஓட்டம் இல்லை என்றால் மறுபடி ஸ்ட்ரெய்னர், என்ஆர்வி, மூடிய வால்வு. வேகத்தைக் கூட்டுவதற்கு முன் இதையும் நினைவில் வையுங்கள்: வேகம் இரட்டித்தால் ஓட்டம் இரட்டிக்கும், ஆனால் மின்செலவு எட்டு மடங்காகும். அடைப்பை வேகத்தால் வெல்ல நினைப்பது அவ்வளவு செலவு பிடிக்கும்.

## மூடிய சுற்றில் தண்ணீர் கறுப்பாக வருகிறது

ரேடியேட்டர், தரைக்கடிச் சூடு, ஹீட் பம்ப் போல ஒரே தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றும் மூடிய சுற்றுகளில் கறுப்பு என்பது மேக்னடைட், அதாவது இரும்பின் காந்தத்தன்மை கொண்ட ஆக்ஸைடு. ஒரு கிண்ணத்தில் பிடித்து அடியில் காந்தத்தை நகர்த்தினால் கசடு காந்தத்தோடு ஊர்ந்து வரும். நிரந்தரக் காந்த ரோட்டர் கொண்ட புதிய பம்புகள் இதே கசடை உள்ளே இழுத்து அப்பிக்கொள்ளும். சிவப்பாக வந்தால் புதிய ஆக்ஸிஜன் தொடர்ந்து நுழைகிறது என்று பொருள், அது இன்னும் அவசரம்.

மூல காரணம் பெரும்பாலும் கசிவுதான். அழுத்தம் குறைகிறது, வால்வைத் திறந்து நிரப்புகிறோம், ஒவ்வொரு நிரப்பலிலும் புதிய ஆக்ஸிஜனும் புதிய கால்சியமும் உள்ளே போகின்றன. பழைய தண்ணீர் தன் ஆக்ஸிஜனை இழந்து சாந்தமாக இருந்தது. நாம்தான் அதைக் கிளப்பிவிடுகிறோம். கசிவை அடைத்து, சுற்றை அலசி, காந்த வடிகட்டி பொருத்தி, அரிப்புத் தடுப்பான் சேர்த்து, ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பாரில் நிறுத்துங்கள். பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 8.2-க்கு மேல் இருப்பது எஃகுக்கு நல்லது. சுற்றில் அலுமினியம் இருந்தால் 9-ஐத் தாண்ட விடாதீர்கள், காரத்திலும் அலுமினியம் கரையும்.

ஹீட் பம்ப் ஓட்டப் பிழை காட்டி நின்றால் மேலே சொன்ன 14.3 கணக்கைப் போட்டுப் பாருங்கள். 8 கிலோவாட்டை 20 டிகிரி வித்தியாசத்தில் கொண்டுசெல்ல நிமிடத்துக்கு 5.7 லிட்டர் போதும். ஹீட் பம்ப் 5 டிகிரி வித்தியாசத்தில் ஓடினால் அதே வெப்பத்துக்கு 23 லிட்டர் வேண்டும். பழைய பாய்லரின் ஒல்லிக் குழாயில் ஹீட் பம்பைச் செருகினால் பம்ப் திணறுவது இதனால்தான்.

## நாற்றம், கறை, பால் நிறம்

அழுகிய முட்டை நாற்றம் சுடுதண்ணீரில் மட்டும் வந்தால் தொட்டிக்குள் சல்ஃபேட்டைத் தின்று வாழும் பாக்டீரியா இருக்கிறது. மெக்னீசிய ஆனோடு அதற்குத் துணைபோகிறது. தொட்டியை 60-க்கு மேல் சில மணி நேரம் வைத்து, எல்லாக் குழாயிலும் அந்தச் சூட்டில் ஓடவிடுங்கள், வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு. திரும்ப வந்தால் அலுமினியம்-துத்தநாக ஆனோடு போடுங்கள். ஆனோடையே எடுத்துவிட்டால் நாற்றம் போகும், கூடவே தொட்டியும் போகும். இரண்டு தண்ணீரிலும் நாற்றம் என்றால் கிணற்றையோ மேல்தொட்டியையோ பாருங்கள்.

நீலப்பச்சைக் கறை: தாமிரக் குழாய் கரைகிறது. பிஎச் 6.5-க்குக் கீழே இருக்கலாம். அல்லது சுழற்சிப் பம்பின் வேகம் அதிகமாகி, முழங்கை வளைவுகளில் தண்ணீர் குழாயை அரிக்கலாம். சூடான தாமிரக் குழாயில் விநாடிக்கு 1 மீட்டருக்குள் வைப்பது பாதுகாப்பு.

பால் நிறத்துக்கு ஒரு கண்ணாடி டம்ளர் போதும். அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் காற்றுக்குமிழி, விட்டுவிடலாம். மேலிருந்து தெளிந்து அடியில் தூள் தங்கினால் படிவு.

## பாதுகாப்பு வால்வு சொட்டுகிறது

20-லிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது 100 லிட்டர் தண்ணீர் சுமார் ஒன்றரை லிட்டர் பெருகும். முன்பெல்லாம் அது பின்னோக்கி மேல்தொட்டிக்கே போயிருக்கும். நீங்கள் என்ஆர்வியோ அழுத்தப் பம்போ போட்ட பிறகு சொட்ட ஆரம்பித்திருந்தால், அந்தப் பெருக்கத்துக்குப் போக்கிடம் இல்லை. ஒரு விரிவுத் தொட்டி வையுங்கள். ஏற்கெனவே இருந்தால் அதன் காற்று வால்வை அழுத்திப் பாருங்கள். காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்துவிட்டது.

சூடு ஏறாத நேரத்திலும் சொட்டினால் வால்வின் இருக்கையில் படிவுத் துகள் சிக்கியிருக்கலாம். நெம்புகோலைத் தூக்கி ஒருமுறை வேகமாகப் பாயவிடுங்கள், தள்ளி நின்று. நிற்காவிட்டால் வால்வை மாற்றுங்கள். மூடி போட்டு அடைப்பதோ, வெளிக்குழாயில் குழாய்வாய் பொருத்துவதோ கூடவே கூடாது. தெர்மோஸ்டாட் சிக்கிக்கொண்டால் தொட்டி வெடிக்காமல் காக்கும் கடைசிக் காவல் அதுதான். சொட்டுவது தண்ணீராக இல்லாமல் ஆவியாக இருந்தால் எதையும் தொடாதீர்கள். பிரேக்கரை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து, பிளம்பரைக் கூப்பிடுங்கள்.